பயிர் நிற்கையில்

எந்திரத்துக்கு எழுத்துப் படிக்கச் சொல்லிக் கொடுக்கிற வேலை என்று ஜெயசுதா சொன்னபோது அவளுடைய மலையூரான மேல்வளவில் ஒருவரும் நம்பவில்லை. மனுசப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவே வாத்தியார் மலையேற மாட்டேன் என்கிறார், இதில் எந்திரத்துக்கு ஒரு வாத்தியாரம்மாவா என்று பக்கத்துக் காட்டுச் சின்னுசாமி கேட்டுவிட்டுத் தன் பகடிக்குத் தானே சிரித்தார். அவளுடைய அப்பா முத்தன் சிரிக்கவில்லை. மகள் சொன்னால் இருக்கும் என்பது அவர் கட்சி. அந்த எந்திரம் என்ன தின்னும் என்று மட்டும் விசாரித்தார். கரண்ட் என்றாள். மலையில் அதுதான் பாதி நாள் இருப்பதில்லையே, நல்லவேளை கீழே வைத்தார்கள் என்றார்.

வேலை நிஜமாகவே அதுதான். சேந்தமங்கலத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு மாடி, மாடியில் வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். வெள்ளைக்காரன் காலத்து நிலப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்பியிருந்தார்கள். பூச்சி அரித்த தாள், மை ஓடிய எழுத்து, இன்றைக்கு நன்றாகப் படித்தவர்களுக்கும் பிடிபடாத கூட்டெழுத்து. எந்திரம் ஒவ்வொரு வரியாக வெட்டியெடுத்துத் தனக்குத் தெரிந்தமட்டும் படித்து அச்செழுத்தில் கீழே போடும். சந்தேகப்பட்ட வரிக்கு மஞ்சள் பூசிக் காட்டும். சரியா தப்பா என்று ஜெயசுதா பார்த்துத் திருத்த வேண்டும். திருத்தத் திருத்த அது கற்றுக்கொள்ளும். ஆரம்பத்தில் ஆள் பெயரை ஊராகவும் ஊரை மாடாகவும் படித்து மானத்தை வாங்கியது. ஒரு மழைக்காலம் போய் வெயில் காலம் வந்தபோது அவளே தடுமாறும் வரியைக்கூடத் தடங்கலில்லாமல் படித்தது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பழைய ஏடு இல்லாத நாட்களில் இப்போதைய ஆபீஸ்களின் கையெழுத்து அறிக்கைகளும் அதே வழியாக வந்து போகும். எந்திரத்துக்குப் பழசு புதுசு என்ற பேதம் கிடையாது.

மலையில் நாடு என்று சொல்லுகிற ஊர்க் கூட்டங்களின் பதிவேட்டை எழுதிய கணக்குப்பிள்ளையின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. ஆனால் அவருடைய கை ஜெயசுதாவுக்கு அத்துப்படி. காலையில் நிதானமாக எழுதுவார். வெயில் ஏற ஏற எழுத்து வலப்பக்கம் சாயும். சாப்பாட்டுக்குப் பிறகு மை தடித்து விழும். செத்து எத்தனையோ காலமான மனுசரோடு தினமும் பக்கத்தில் உட்கார்ந்து குடித்தனம் பண்ணுவதாக அவள் அம்மா பெருமாயியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். அந்த ஆளின் கையைத்தான் அவள் எந்திரத்துக்குப் பழக்கினாள்.

மேல்வளவில் யாரிடமும் பட்டா கிடையாது. மேல்வளவு அடங்கிய ஆலத்தூர் நாட்டில் அது ஒன்றும் அதிசயமில்லை. சரிவில் நாலு சாமைக் காடு, கீழே கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மரத்துக்கு மரம் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, இதற்கு யார் போய்க் காகிதம் கேட்பது என்று இருந்துவிட்டார்கள். இந்த வருஷம் மலை நிலத்துக்கெல்லாம் கணக்கை முடிக்கிறார்கள் என்று பேச்சு வந்தது. பழைய பதிவேட்டில் பாட்டன் பூட்டன் பெயர் இருந்தால் பட்டா. இல்லாவிட்டால் அனுபவித்தது போதும் என்று இறக்கிவிடுவார்கள். ஆலத்தூர் நாட்டுப் பதிவேடு வரிசையில் எங்கோ அடியில் கிடந்தது. அதை முன்னால் எடுக்கச் சொல்லி, மாடியை மேற்பார்வை பார்க்கிற ஓம்பிரகாஷை நச்சரித்தவள் ஜெயசுதாதான். யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை. தானாகத்தான் செய்தாள்.

ஆவணி மாதத்தில் ஒரு மத்தியானம் மேல்வளவின் பக்கம் திரையில் ஏறியது. சின்னுசாமியின் பூட்டன் பெயர் வந்தது. கீழ்க்காட்டுக்காரர்கள், ஓடையோரத்துக்காரர்கள் எல்லோருடைய முன்னோர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தங்கள் மேட்டுக்காட்டை மட்டும் காணாமல் பக்கத்தின் தலைக்குப் போனாள், முதல் வரியே அதுதான். நிலத்துக்கு உடையவர் யார் என்ற இடத்தில் காட்டண்ணன் சாமி என்று எந்திரம் படித்திருந்தது.

காட்டண்ணன் என்பது அவர்கள் காட்டோரத்தில் பலாமரத்தடியில் நிற்கிற கல். அதற்குக் கூரை கிடையாது, பூசாரி கிடையாது, வருஷத்தில் ஒரு நாள் தவிர விளக்கும் கிடையாது.

எந்திரம் உளறுகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஓம்பிரகாஷும் அப்படித்தான் சொன்னார். "சில நேரம் அது அந்த வேலையப் பண்ணும்மா. எழுத்து மங்கலா இருந்தா, அடிக்கடி பாத்த பேரு ஒண்ண எடுத்து ஒட்ட வெச்சிரும். வரிய நம்பாத, முழுப் பக்கத்தையும் தெறந்து பாரு."

திறந்து பார்த்தாள். மங்கலே இல்லை. காலை நேரத்து எழுத்து, ஒவ்வொன்றும் நிமிர்ந்து நின்றது. ஓரத்தில் ஒரு குறிப்பும் இருந்தது. "உழுகிறவனை விசாரிக்க, நிலம் தன்னுடையதல்ல, காட்டண்ணன் சாமியுடையது என்கிறான்." அந்த வரிக்குப் புரட்டாசித் தேதி. அதற்கடுத்து, அளக்க வந்தவர்கள் மலைக்காய்ச்சல் கண்டு கீழே இறங்கிவிட்டதாக ஒரு வாசகம். அப்புறம் மை மாறி, சின்னுசாமியின் பூட்டனில் தொடங்கி மிச்சக் காடுகள் எல்லாம் தை மாதத்தில் எழுதப்பட்டிருந்தன.

தேதியைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது. மேல்வளவில் ஒரு வழக்கம் உண்டு. வேறு ஊரில் இருக்கிறதோ இல்லையோ, அங்கே உண்டு. ஆடியில் சாமை விதைத்த நாள் முதல், கார்த்திகையில் அறுத்து முதல் கட்டைக் காட்டண்ணன் முன்னால் வைக்கிற நாள் வரை, யாரும் தன் காடு என்று வாயால் சொல்லக் கூடாது. யார் காடு என்று கேட்டால் சாமி காடு. அரிவாள் வைத்தால் ஒரே மூச்சில் அறுத்துவிட வேண்டும், பொழுது சாயும்போது ஒரு தாள் நிற்கக் கூடாது. அறுத்த பிறகு அவரவர் காடு அவரவருக்கு, வரப்புச் சண்டைக்கும் தடையில்லை. அவளுடைய பூட்டனிடம் அளக்க வந்த அதிகாரி புரட்டாசியில் கேட்டிருக்கிறார். பயிர் நிற்கையில் பூட்டன் வேறு என்ன சொல்லியிருப்பார். மற்றவர்கள் காய்ச்சல் புண்ணியத்தில் தையில் வாய் திறந்து தப்பித்தார்கள்.

சரியா தப்பா என்று திரை கேட்டது. ஒவ்வொரு வரியையும் இரண்டு பேர் பார்ப்பார்கள், அவள் தப்பு என்று தள்ளினாலும் இன்னொருத்தி சரி என்பாள். அது மட்டுமல்ல, எழுதியிருப்பதை இல்லை என்று சொல்ல அவளுக்குக் கை வரவில்லை. சரி என்று அழுத்திவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதாள்.

மேல்வளவில் மற்ற வீடுகளுக்குப் பட்டா வருகிற சேதி போயிற்று. முத்தன் வீட்டுக்கு வந்த சேதி வேறு. நிலம் சாமி சொத்தாக எழுதப்படும், வருஷா வருஷம் ஏலத்தில் குத்தகைக்கு விடப்படும், வேண்டுமானால் அவரும் வந்து ஏலம் கேட்கலாம். அடுத்த வாரமே கீழ்நாட்டிலிருந்து காரில் இரண்டு பேர் வந்து மேட்டுக்காட்டில் நின்று பள்ளத்தாக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். தங்கும் விடுதி கட்ட நல்ல இடம் என்று அவர்கள் பேசிக்கொண்டதைச் சின்னுசாமி கேட்டுவந்து சொன்னார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

ஜெயசுதா மனு எழுதிக்கொண்டு போய் வருவாய் ஆய்வாளர் பிரிசில்லாவைப் பார்த்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மலைக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் ஜீப்பில் ஏறி இறங்குவார். மனுவை இரண்டு தரம் படித்தார். வழக்கத்தைப் பற்றி நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"ரெண்டு விஷயம் வேணும்மா," என்றார். "உழுறவரு அந்த நெலத்துலயே நின்னு, இது என் நெலம், நான் ஆண்டு அனுபவிக்கேன்னு தன் வாயால சொல்லணும். அவரு போட்ட பயிரு கண்ணுக்கு முன்னால நிக்கணும். ரெண்டும் இருந்தா பழைய குறிப்ப மீறி நான் எழுத முடியும்."

விசாரணையைக் கார்த்திகைக்குப் பிறகு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று ஜெயசுதா கேட்டாள். புரட்டாசியோடு எல்லாக் கோப்புகளையும் மேலே அனுப்பச் சொல்லி உத்தரவு, தன் கையில் ஒன்றுமில்லை என்றார். பயிர் நிற்பதைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. மேட்டுக்காட்டில் கருஞ்சாமை இடுப்பு உயரத்துக்குக் கதிர் தள்ளி நின்றது. மலையே சாய்ந்தாலும் அது சாயாது. அப்பாவைச் சொல்ல வைப்பதுதான் பாடு.

சனிக்கிழமை மாலை மலையில் சோளக்காடு என்கிற ஊரில் பஸ் இறங்கி நடந்து ஊர் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. பெருமாயி சாமைச் சோறும் பலாக்கொட்டை போட்ட அவரைக் குழம்பும் வைத்திருந்தாள். புகை வெளியேற வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. ஜெயசுதா சோற்றைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மேடம் வந்து யார் காடு என்று கேட்பார், எம்பட காடு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றாள். முத்தன் தலை நிமிராமலே சொன்னார்.

"அறுப்பு ஆவட்டும் கண்ணு. கார்த்திகையில நானே ஆபீசுக்கு வந்து சொல்றேன்."

"கார்த்திகையில கேக்க ஆளிருக்காதுங்கப்பா."

"அப்பறம் சாமி பாத்துக்கும்."

"பாத்துத்தானுங்களே பூட்டனச் சொல்ல வெச்சுது. அதக் காயிதத்துல போட்டு, நானே படிச்சு, நானே சரின்னு சொல்லி அனுப்பிருக்கறனுங்க. இன்னொருக்காவும் அதையே சொல்லுவீங்களா?"

முத்தன் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவர் சோற்றை மிச்சம் வைத்து அவள் பார்த்ததேயில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. பெருமாயி சாமைக்குள் குனிந்து மாட்டுக்குக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். மகளும் கூட இறங்கினாள். கதிரெல்லாம் பால் பிடிக்கிற பருவம், தொட்டால் ஈரம் ஒட்டியது. அப்பனை விரட்டாதே என்று பெருமாயி தொடங்கினாள். அந்த மனுசனுக்கு நிலத்தின் மேல் ஆசையில்லை என்றா நினைக்கிறாய் என்று கேட்டாள். பிறகு கையிலிருந்த புல்லைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"உனக்கு முந்தி ஒருத்தன் பொறந்தான்னு தெரியுமில்ல?"

தெரியும். காய்ச்சலில் போய்விட்டான் என்பதும் தெரியும்.

"அந்த வருசம் இதே மாசம். சின்னுசாமியோட அப்பன் வரப்ப வெட்டிச் சேத்துக்கிட்டாரு. உங்கப்பனுக்கு எளரத்தம். பயிருக்குள்ள நின்னுக்கிட்டு, எம்பட காட்டுல கால் வெச்சா வெட்டுவேன்னு கத்திப்போட்டாரு. ஊரே கேட்டுச்சு. மூணாம் நாளு பையனுக்குச் சூடு கண்டுது. தூக்கிக்கிட்டுச் சேந்தமங்கலத்துக்கு ஓடினோம், வழியிலயே முடிஞ்சுபோச்சு. அன்னிக்கிருந்து உங்கப்பன் அறுத்தப்பறங்கூட எம்பட காடுன்னு சொன்னதில்ல. நீ கேட்டிருக்கறயா?"

ஜெயசுதா யோசித்துப் பார்த்தாள். கேட்டதில்லை. மேட்டுக்காடு, சாமைக்காடு, பலாமரத்துக்காடு என்றுதான் சொல்லுவார். காய்ச்சலுக்குக் காரணம் கொசு என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தாள். அம்மாவின் கை மறுபடி களைக்குள் போனதைப் பார்த்துத் தானும் குனிந்து பிடுங்கினாள்.

ஆனாலும் விட முடியவில்லை. பஸ் ஏற்றிவிட முத்தன் கூட வந்தபோது வழியில் மறுபடி தொடங்கினாள். அம்மா எல்லாம் சொன்னாள் என்றாள்.

"எனக்கு ஒண்ணும் ஆவாதுங்கப்பா. நான் நல்லாத்தான இருக்கறேன்."

"அவனும் காத்தால சிரிச்சுக்கிட்டுத்தாங் கெடந்தான்," என்றார் முத்தன்.

அவளுக்கு ஆத்திரமும் இரக்கமும் ஒன்றாக வந்தன. ஜெயித்தது ஆத்திரம்தான். பஸ் படியில் கால் வைத்தபடி திரும்பி, "நீங்க சொல்லலீன்னா நான் இனி இந்த ஊட்டுக்கு வாரதா இல்லீங்க," என்றாள். பெற்றவர் முகம் சுருங்கியதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். இறங்கிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று நினைப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

வாரத்தின் நடுவில் பெருமாயி சோளக்காட்டுக் கடையிலிருந்து போன் பண்ணினாள். மேல்வளவில் சிக்னல் கிடைக்காது. "உங்கப்பன் சொல்லிப்போடறேன்னுட்டாரு கண்ணு. வெள்ளிக்கிழமதான? மேடத்தக் கூட்டிக்கிட்டு வா." குரலில் களைப்பு இருந்தது, நிம்மதியும் இருந்தது. எப்படி மனசு மாறினார் என்று ஜெயசுதா கேட்டாள். மாறவில்லை, வழி கண்டுபிடித்துவிட்டார் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். மகள் அதைத் துருவவில்லை. மாடியில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பிரிசில்லாவின் ஜீப்பிலேயே மலை ஏறினாள். ரோடு முடிகிற இடத்தில் இறங்கி நடந்தார்கள். கடைசி ஏற்றத்தில் அவளுக்கு முதலில் தட்டுப்பட்டது வாசனைதான். பச்சைத் தாள் அறுபட்டு வெயிலில் வாடுகிற வாசனை. யாரோ மாட்டுக்குப் புல் அறுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே மேலே வந்தாள்.

மேட்டுக்காடு மொட்டையாகக் கிடந்தது.

ஒரு தாள் நிற்கவில்லை. இடுப்பு உயரத்துக்கு நின்ற கருஞ்சாமை முழுவதும் பச்சையாகவே அறுபட்டு வரிசை வரிசையாகப் படுத்திருந்தது. பலாமரத்தடியில் காட்டண்ணன் முன்னால் ஒரு கட்டு வைத்து விளக்கும் ஏற்றியிருந்தார்கள். கதிரிலிருந்து இன்னும் பால் கசிந்தது. பெருமாயி இரண்டு உள்ளங்கையிலும் துணி சுற்றிக்கொண்டு மரத்தோரம் நின்றாள். முத்தன் குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, காட்டின் நட்ட நடுவில் நின்றார்.

பிரிசில்லா வணக்கம் சொல்லி, கேட்க வேண்டியதைக் கேட்டார். இது யாருடைய நிலம்?

"எம்பட காடுங்கம்மா," என்றார் முத்தன். மலைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "எங்க பூட்டன் காடு, எங்கப்பன் காடு, இப்ப எம்பட காடு. நாந்தான் உழுவறேன், நாந்தான் ஆண்டு அனுபவிக்கறேன். ஆரு கேட்டாலும் சொல்லுவனுங்க."

ஒரு நாளும் சொல்லாத வார்த்தையைச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தார். முகத்தில் அப்படியொரு சிரிப்பு. வருஷக்கணக்கில் சுமந்ததை இறக்கி வைத்தவரின் சிரிப்பு.

பிரிசில்லா எழுதினார். எழுதி முடித்துப் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தார்.

"பயிரு எங்கய்யா?"

"அறுத்துட்டனுங்க. பயிர் நிக்கையில சொல்லப்படாதுங்க, கொழந்தைக்கு ஆவாது. அதான் நேத்து நானும் இவளுமா ஒரே மூச்சுல அறுத்து, மொதக் கட்டச் சாமிக்கு வெச்சுட்டோம். இனி ஒரு தொந்தரவும் இல்லீங்க."

இரண்டாவது விஷயத்தை ஜெயசுதா அப்பாவிடம் சொல்லவேயில்லை. கண்ணுக்கு முன்னால் நிற்கிற பயிரைப் பார்த்துக்கொண்டே, பயிர் நிற்க வேண்டும் என்று யாராவது சொல்லுவார்களா. அவள் பிரிசில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். தாள் கிடக்கிறது பாருங்கள், வேர் ஈரமாக இருக்கிறது பாருங்கள், நேற்றுக் காலை வரை நின்றது என்றாள். பிரிசில்லா குனிந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கியது.

"அறுத்துக் கெடக்குன்னு வேணா ஓரமா எழுதறேம்மா. ஆனா நிக்குதா இல்லையான்னுதான் காயிதத்துல கேக்காங்க. பச்சைப் பயிர எவனாவது அறுப்பானான்னு மேல கேப்பாங்க. நான் என்ன சொல்ல?" குரலைத் தாழ்த்திச் சொன்னார். முத்தனுக்குக் கேட்டிருக்காது.

முத்தன் பக்கத்தில் வந்து மகளின் தோளில் கை வைத்தார். நெற்றியிலும் ஒரு தரம் வைத்துப் பார்த்தார், சூடு இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்கிற மாதிரி.

"சரியாச் சொன்னனா கண்ணு?"

"சரியாச் சொன்னீங்கப்பா," என்றாள் ஜெயசுதா.

பெருமாயி வந்தவர்களுக்குப் பலாச்சுளை எடுத்து வைத்தாள். துணி சுற்றிய கையால் சுளையைப் பிரிக்க முடியாமல் விரல் நுனியால் தள்ளித் தள்ளிக் கொடுத்தாள். இந்த வருஷம் சாமை கிடையாது, ரேஷன் அரிசி வாங்கிக்கொள்ளலாம், மாட்டுக்குத்தான் பெரிய விருந்து என்று பகடி பேசினாள். பிரிசில்லா ஒரு சுளையைக் கையில் வைத்திருந்தார், தின்னவில்லை.

ஐப்பசியில் மாடியில் பழைய ஏடு தீர்ந்துபோய் ஆபீஸ் அறிக்கைகள் மறுபடி வரத் தொடங்கின. எந்திரத்துக்குப் புதுக் கைகள் பிடிபடக் கொஞ்ச நேரமே ஆயிற்று. ஒரு காலை ஜெயசுதாவின் திரையில் உருண்டை உருண்டையான ஒரு கையெழுத்து வந்தது. யாருடையது என்று பார்த்ததுமே தெரிந்தது. "உழுகிறவரை விசாரிக்க, நிலம் தன்னுடையது என்கிறார்." கீழே அச்செழுத்தில் எந்திரம் அதையே படித்திருந்தது. அவள் சரி என்று அழுத்தினாள்.

அடுத்த வரி வந்தது. "பார்வையிட்டபோது நிலத்தில் பயிர் நிற்கவில்லை." ஓரத்துக் குறிப்பு வருகிறதா என்று காத்திருந்தாள். வந்தது. பச்சையாக அறுத்த தாள் கிடப்பதாக நுணுக்கி எழுதியிருந்த அந்த வரி படிவத்தின் கட்டத்துக்கு வெளியே இருந்ததால், சேர்க்கத் தேவையில்லை என்று எந்திரம் தானே ஒதுக்கியிருந்தது. ஓரத்தில் எழுதுவதெல்லாம் கிறுக்கல் என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று யோசித்தாள். அறிக்கைகள் வந்த புதிதில் ஓரத்தில் இருந்த டீக் கறையையும் கூட்டல் கணக்கையும் தேவையில்லை என்று நாள் முழுக்கத் தள்ளியது அவள் கைதான்.

ஓம்பிரகாஷிடம் போய்ச் சொன்னாள். கட்டத்துக்குள் இருப்பது மட்டும்தான் வேலை கொடுத்தவர்கள் கேட்டது என்றார் அவர், பாவமாகத்தான் சொன்னார். திரும்பி வந்து உட்கார்ந்தாள். பயிர் நிற்கவில்லை என்ற வரி அப்படியே காத்துக்கொண்டிருந்தது. எந்திரம் ஓர் எழுத்தும் பிசகாமல் படித்திருந்தது. மஞ்சள் எங்கும் இல்லை. அவள் சரி என்று அழுத்தினாள்.